இரவு இடிமழையில் கார் ஓட்டும்போது

சென்னையில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இடிமழை பெரும்பாலும் மாலைக்குப் பின்னரே வருவதால், அலுவலகம் முடிந்து காரில் திரும்புவோர் அதில் சிக்குவது வழக்கம். அப்போது ஹை பீமைத் தவிர்த்து லோ பீமில் ஓட்டுங்கள். ஹை பீமின் ஒளி மழைத்துளிகளில் பட்டுச் சிதறி நம் கண்ணையே கூசச் செய்யும். கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்தால், ஏசியை இயக்கி அதன் காற்றை முன்கண்ணாடியை நோக்கித் திருப்பினால் போதும். நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டபடி ஓட்டும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போவதால், வண்டி நின்றிருக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்துவதே முறை.

மின்னலைவிட அதிகம் அஞ்ச வேண்டியது தேங்கிய தண்ணீருக்குத்தான். கணேசபுரம், துரைசாமி போன்ற சுரங்கப்பாதைகளைத் தவிர்த்து, சுற்றுவழியானாலும் மேம்பாலச் சாலையையே தேர்ந்தெடுங்கள். இருட்டில் ஆழம் தெரியாது. ஏறத்தாழ 30 செ.மீ. ஆழமுள்ள நீரே சிறிய கார்களை மிதக்கச் செய்துவிடக்கூடும். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஏனெனில் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். நீர்மட்டம் ஏறுமானால் வண்டியை விட்டுவிட்டு மேடான இடத்துக்குச் சென்றுவிடுங்கள். மற்றபடி, பாதை தெரியாத அளவுக்கு மழை வலுத்தால், மரங்களையும் மின்கம்பங்களையும் விட்டு விலகி, தண்ணீர் தேங்காத ஓரத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே இருங்கள். உலோகக் கூரையுள்ள கார், மின்னலைத் தன் வெளிக்கூடு வழியே தரைக்குக் கடத்திவிடும்.