ஸ்பைரல் வேண்டாம், நூல் போதும்: வீட்டுக் காகிதங்களைக் கட்டி வைப்பது எப்படி?

காகிதங்களை ஒழுங்குபடுத்தலாம் என்று நினைத்தாலே பலரும் நேரே ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகிறார்கள், லேமினேஷனுக்கும் ஸ்பைரலுக்கும். பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை. லேமினேட் செய்த தாளைச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பது கஷ்டம், பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டாலும் அது கூழாகாது. எப்போது வேண்டுமானாலும் பிரிக்க முடிகிற கட்டுதான் நல்ல கட்டு, என்னைக் கேட்டால்.

முதலில் எல்லாவற்றையும் தரையில் பரப்பி மூன்றாகப் பிரியுங்கள்: அசல்கள், அடிக்கடி தாள் சேர்கிறவை, இனி மாறாதவை. பிரிக்கும்போதே ஸ்டேப்ளர் பின், குண்டூசி, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மழைக்கால ஈரத்தில் பின் துருப்பிடித்துத் தாளில் கறை விடும், ரப்பர் பேண்ட் நாளாக நாளாக இளகி ஒட்டிக்கொள்ளும்.

கிரயப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் போன்ற அசல்களில் துளையே போடக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைத்து, உறையின் மேல் பென்சிலால் பெயர் எழுதினால் போதும். பளபளப்பான பிவிசி கவர் வேண்டாம், ஜெராக்ஸ் எழுத்து அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

வரி ரசீது, மருத்துவ ரிப்போர்ட் மாதிரி சேர்ந்துகொண்டே போகிறவற்றுக்கு அரசு அலுவலகங்களில் பார்ப்போமே, அந்த நூல் டேக்தான் சரி. பஞ்சிங் மெஷினில் இரண்டு துளை, ஒரு டேக், ஒரு அட்டை ஃபைல், அவ்வளவுதான். ஏடிஎம் சீட்டு, கடை பில் போன்றவற்றில் எழுத்து மங்கிவிடும், முக்கியமானதென்றால் உடனே ஜெராக்ஸ் எடுத்துச் சேருங்கள்.

மாறாதவற்றை நூலால் தைக்கலாம். ஏ4 தாள்களை ஓரம் தட்டிச் சமமாக்கி, மேலும் கீழும் அட்டை வையுங்கள். பழைய தினசரி காலண்டர் அட்டை கிடைத்தால் பின்பக்கத்துக்கு அருமை. இடது ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி மூன்று துளை: நடுவில் ஒன்று, மேல் கீழ் முனைகளிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் விட்டு ஒவ்வொன்று. ஐம்பது தாள் வரை குத்தூசியே போதும், அடியில் பழைய பலகை வைத்துக்கொள்ளுங்கள். தாள் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகமாகத் தடித்த பருத்தி நூல் எடுத்து, பின்பக்கமிருந்து நடுத்துளை வழியாக முன்னால் வாருங்கள், ஒரு விரல் நீளம் பின்னால் தொங்கட்டும். மேல் துளையில் இறங்கி, பின்பக்கமாகவே கீழ்த்துளைக்குப் போய் முன்னால் ஏறி, மறுபடி நடுத்துளையில் இறங்குங்கள். இப்போது பின்னால் இரண்டு முனைகள் இருக்கும், நடுவே ஒரு நீள நூல் ஓடும். முனைகள் அதற்கு இருபுறமும் வருகிற மாதிரி வைத்து, இறுக்கி முடிச்சுப் போடுங்கள். தாள் சேர்க்க வேண்டுமா? நூலை வெட்டிவிட்டு அதே துளைகளில் மறுபடி தைக்கலாம், ஸ்பைரலைக் கழற்றி மாட்டுவதைவிட இது எளிது.

அப்புறம் வைக்கிற இடம். தரையிலும் ஈரச் சுவரை ஒட்டியும் வேண்டாம், பீரோவின் நடுத்தட்டு நல்லது. காய்ந்த வேப்பிலையையோ வசம்பையோ துணியில் முடிந்து போடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம், செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். காகிதத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும்தான் பிடிக்கும், அதனால் மழைக்காலம் முடிந்ததும் கட்டுகளை வெளியே எடுத்து, வெயிலில் இல்லாமல் நிழலில், ஃபேன் காற்றில் ஒரு நாள் விரித்து வையுங்கள்.