தகட்டுச் சட்டை செய்வது எப்படி? 1361-ஆம் வருடத்து மாதிரி, திருநெல்வேலி வெயிலுக்கு ஏற்றபடி

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு ராஜா வேஷம் கட்டுகிறவர்களின் மார்க்கவசம் பார்க்க ஜோராக இருக்கும். அட்டையும் ஜிகினாத் தாளும்தான். அதைப் போட்டுக்கொண்டு, மழுங்கிய இரும்பு வாளோடு வருகிறவன் முன்னால் நின்றால் முதல் அடியிலேயே விலா எலும்பு போய்விடும். இந்தப் பதிவு நிஜமாகவே மோதுகிறவர்களுக்கு. இடைக்காலப் போரை நடித்துக் காட்டும் சண்டைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், வெளிநாட்டிலிருந்து கவசம் வரவழைக்கக் கையில் காசில்லை, சொந்தமாகவே செய்துவிடலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால் மேலே படியுங்கள். ட்ரில்லிங் மெஷின் பிடிப்பது, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுவது எல்லாம் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எந்த மாதிரி, ஏன்?

நம்ம ஊர்க் கவசத்தையே செய்யலாமே என்று கேட்பார்கள். கிருஷ்ணாபுரம் கோயில் தூணில் வாளோடு நிற்கும் வீரபத்திரரை நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். கல்லில் கச்சையின் மடிப்புகூடத் தெரிகிறது. ஆனால் ஒரு தகட்டின் தடிமனையோ, ஆணி அடித்த இடத்தையோ கல்லைப் பார்த்து எடுக்க முடியாது.

விஸ்பியில் அந்தக் கஷ்டம் இல்லை. சுவீடனைச் சேர்ந்த கோட்லாந்து தீவில் இருக்கும் ஊர் அது. 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் அரசர் நான்காம் வால்டமாரின் படை, ஊர் மதிலுக்கு வெளியே அந்தத் தீவின் விவசாயிப் படையை நொறுக்கியது. கோடைக்காலம். உடல்கள் சீக்கிரம் கெட ஆரம்பித்ததால் பலரைக் கவசத்தோடேயே குழியில் போட்டுவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1905-லும் அப்புறம் 1928 முதல் 1930 வரையிலும் அந்தக் குழிகளைத் தோண்டினார்கள். தகடுகள் ஆணித் துளையோடு அப்படியே கிடைத்தன. பெங்ட் தோர்டெமான் என்பவர் அவற்றை அளந்து, வரைந்து, வகை பிரித்து வைத்திருக்கிறார். இருபதுக்கும் மேற்பட்ட சட்டைகள். நமக்கு இதைவிட என்ன வேண்டும்?

அமைப்பு சுலபம். வெளியே துணி அல்லது தோல், உள்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரும்புத் தகடுகள், இரண்டையும் இணைக்கும் ஆணிகள். வெளியிலிருந்து பார்த்தால் ஆணித் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரியும். தகடு உள்ளே மறைந்துவிடுவதால், கொஞ்சம் கோணலாக வெட்டினாலும் யாருக்கும் தெரியாது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி.

1. பஞ்சுச் சட்டை

முதலில் செய்ய வேண்டியது இரும்பு இல்லை, தகட்டுக்கு அடியில் போடும் இந்தத் தடித்த துணிச் சட்டைதான். தகடு அடியைப் பரப்பும். அடியை வாங்கிக்கொள்வது பஞ்சு. 15-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் பதினோராம் லூயியின் உத்தரவு ஒன்று, படைவீரனின் துணிக்கவசத்துக்கு 30, குறைந்தது 25 அடுக்குத் துணியும் மேலே ஒரு மான்தோலும் வேண்டும் என்கிறது. அது தனியாகப் போடுவதற்கு. தகட்டுக்கு அடியில் போட நமக்கு 8 முதல் 10 அடுக்கு போதும்.

பழைய பருத்தி வேட்டி, பருத்திப் போர்வை எதுவும் சரிதான். பாலியெஸ்டர் கலந்தது கூடாது. பாளையங்கோட்டை வெயிலில் வெந்துபோவீர்கள். இலவம் பஞ்சும் வேண்டாம். வியர்வையும் அடியும் சேர்ந்து ஒரே மாதத்தில் அது ஓரமாக ஒதுங்கி, அடி விழும் இடத்தில் வெறும் துணிதான் மிஞ்சும்.

துணியை முதலில் நனைத்துக் காயப்போட்டுவிட்டு வெட்டுங்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு வீதம் மேலிருந்து கீழாகத் தைக்க வேண்டும். தைக்கத் தைக்க அகலம் சுருங்கும் என்பதால் சுற்றளவில் மூன்று அங்குலமாவது கூட்டி வெட்டுங்கள். வீட்டுத் தையல் மெஷின் இதைத் தாங்காது. வேன், ஜீப் சீட் தைக்கிற கடையில் கொடுத்தால் அரைமணி நேரத்தில் ஓட்டிவிடுவார்கள்.

2. அட்டை மாதிரி

சுத்தி பிடிக்கத் தெரிந்ததைவிட இங்கே பொறுமை இருப்பது முக்கியம். பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வாங்குங்கள். பஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் அளவெடுங்கள். பனியனோடு அளவெடுத்தால் கடைசியில் பக்கிள் எட்டாது.

பார்க்க வேண்டியது இரண்டு இடம். ஒன்று, இடுப்பு. பேண்ட் நிற்கிற இடத்தை இடுப்பு என்று நினைத்துத் தகட்டை அதுவரை இறக்கிவிடுகிறார்கள். பக்கவாட்டில் சாய்ந்தால் உடம்பு மடிகிற இடம், ஏறக்குறைய தொப்புள் மட்டம், அங்கேதான் பெரிய தகடுகள் முடிய வேண்டும். கீழே இறங்கினால், காலைத் தூக்கும்போது தொடை தகட்டை மேலே தள்ளும், அது கழுத்தில் வந்து இடிக்கும். எடையும் இடுப்பில் உட்காராமல் முழுக்கத் தோளில் தொங்கும். இடுப்புக்குக் கீழே வேண்டுமென்றால் சின்னத் தகடுகளாகத் தனி வரிசை போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு, அக்குள். நெஞ்சின் மேல்பகுதித் தகடு நீங்கள் நினைப்பதைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். அட்டையை உடம்பில் கட்டிக்கொண்டு, முழங்கைகள் இரண்டும் தொடும்படி கும்பிடுங்கள். அக்குளில் இடிக்கிறதா? அரை அங்குலம் வெட்டுங்கள். மறுபடி கும்பிடுங்கள். இடிக்காதவரை விடாதீர்கள். அப்புறம் தலைக்கு மேல் கம்பு சுற்றிப் பாருங்கள், குந்தி உட்கார்ந்து எழுந்து பாருங்கள். சிலம்பம் ஆடுகிறவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபட்டுவிடும். தோள் எங்கெல்லாம் போகும் என்று அவர்கள் உடம்புக்கே தெரியும்.

அட்டையில் சரியாக வந்த பிறகு, அதைக் குறுக்குவாட்டில் நாலு அங்குல அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். பக்கத்துப் பட்டையோடு ஓர் அங்குலம் ஏறும்படி ஒவ்வொன்றிலும் கூட்டிக்கொள்ளுங்கள். எண் போட்டு, மேல் கீழ் அம்புக்குறியும் போடுங்கள்.

3. தகடு

1.2 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஷீட். கடையில் இதை 18 கேஜ் என்பார்கள். ஆனால் கேஜைச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் நான் அளந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி செய்யப் போறிய, கோழிக்கூடா?" என்றார் அண்ணாச்சி. சட்டை என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெட்டி மிஞ்சிய துண்டுகளை எடைக்குப் போட்டுக் கொடுத்தார். முழு ஷீட் வாங்கத் தேவையே இல்லை.

1.2 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஒன்பதரைக் கிலோ வரும். நடுத்தர உடம்புக்கு ஏற்றத்தோடு சேர்த்து 0.6 சதுர மீட்டர் போதும், ஆக ஆறு கிலோவுக்குள் அடங்கிவிடும். 1.6 மி.மீ. போட்டால் ஏழரைக்கு மேல் போகும். நெஞ்சுக்கு நேராக உள்ள ஓரிரு தகட்டை மட்டும் 1.6-ல் போட்டால் போதும் என்பது என் கட்சி.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே என்று வாங்க வேண்டாம். சூடாக்கினால் துத்தநாகப் புகை வரும், சுவாசித்தால் காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

1.2 மி.மீ. என்றால் நல்ல தகரக் கத்திரியிலேயே வெட்டலாம். ஓரங்களை அரத்தால் உருட்டி, மூலைகளை வட்டமாக்கிவிடுங்கள். வளைப்பதற்கு நெருப்பு வேண்டாம். கறிக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு புளியங்கட்டை கிடைத்தால் அதில் ஆழமில்லாத பள்ளம் தோண்டி, அதன்மேல் தகட்டை வைத்து உருண்டை முகச் சுத்தியால் தட்டித் தட்டி வளைக்கலாம். கொஞ்சம் வளைந்த தகடு, தட்டையான தகட்டைவிட நன்றாகவே அடி தாங்கும்.

4. மேல்துணி

தோலா, கித்தானா? என் ஓட்டு கித்தானுக்கு. அந்தக் காலத்துக்கும் துணி பொருந்தும், நம்ம வெயிலுக்கும் பொருந்தும். ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல் அழகுதான், ஆனால் வியர்வையில் ஊறி ஐப்பசி மழையில் காயாமல் பூசணம் பிடிக்கும். லாரிக்குப் போடும் பழைய பருத்தித் தார்ப்பாய் கிடைத்தால் இரட்டையாகப் போடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயைத் தொடாதீர்கள்.

5. ஆணி அடிப்பது

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

தகட்டின் ஒரே ஒரு நீள விளிம்பில்தான் ஆணி வரிசை வர வேண்டும். இரண்டு விளிம்பிலும் அடித்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது. பலகை கட்டிக்கொண்ட மாதிரி நிற்பீர்கள்.

ஆணி என்று நான் சொல்வது ரிவெட்டை, அதாவது ஒரு பக்கம் தலையும் மறுபக்கம் அடித்து விரிக்கும் வாலும் உள்ளது. 4 மி.மீ. கெட்டி இரும்பு ரிவெட் வாங்குங்கள். தகட்டில் 4.2 மி.மீ. துளை. இதைவிடப் பெரிதாகப் போட்டால் ரிவெட் துளைக்குள்ளேயே வளைந்துவிடும். துளைகளையெல்லாம் தகட்டில் முதலில் போட்டு முடித்துவிட்டு, தகட்டைத் துணியில் வைத்துப் பென்சிலால் குறியுங்கள். துணியில் ட்ரில் போடவே கூடாது. பிட் நூலைச் சுற்றி இழுத்து, ஒரு நொடியில் கித்தானைச் சுருட்டிவிடும். குத்தூசியின் முனையில் மெழுகு தேய்த்து, இழைகளை அறுக்காமல் விலக்கித் துளை செய்யுங்கள்.

ரிவெட்டின் தலை துணிப் பக்கம், வால் தகட்டுப் பக்கம். தலைக்கும் துணிக்கும் நடுவில் ஒரு வாஷர். இல்லாவிட்டால் நாளடைவில் தலை துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். இப்போது வால் தகட்டுக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 4 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். அதிகமிருந்தால் அடிக்கும்போது மடங்கிப் படுத்துவிடும், குறைந்தால் பிடிமானம் இருக்காது. கடையில் 12 மி.மீ. ரிவெட் வாங்கி, கட்டிங் பிளேயரால் நறுக்கிக்கொள்வது நல்லது.

அடியில் வைக்க ஒரு தண்டவாளத் துண்டு. அதில் 8 மி.மீ. பிட்டால் சின்னக் குழி ஒன்று போடுங்கள், ரிவெட்டின் உருண்டைத் தலை அதில் உட்காரும், நசுங்காது. சுத்தி கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். நடு மண்டையில் நேராக ஓர் அடி, அப்புறம் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிச் சின்ன அடிகள். ஓங்கி அடிக்கிறவர்களின் ரிவெட்தான் வளையும். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: முதலில் டொக் டொக் என்று மந்தமாகக் கேட்கும், வால் விரிந்து தகட்டைக் கவ்வியதும் டிங் என்று சத்தம் மாறும். அதோடு நிறுத்திவிடுங்கள்.

முதலில் இரண்டு கோடி ரிவெட், பிறகு நடுவில், பிறகு மீதி. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வரிசையாக அடித்துக்கொண்டே போனால் துணி தள்ளிக்கொண்டு போய், கடைசித் துளை பொருந்தாமல் நிற்கும்.

6. துருவும் பக்கிளும்

இந்த மாதிரிச் சட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறவர்கள் உண்டு. அது காயாது, கித்தானில் கறை ஏறும், சிக்கு வாடை வரும். தகடு வெளியே தெரியப்போவதில்லை, எனவே ஆணி அடிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ரெட் ஆக்சைடு பூசிவிட்டு நிம்மதியாக இருங்கள். ஆச்சாரம் பார்க்கிறவர்கள் ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவிடலாம்.

விஸ்பியில் முதுகில் மூடும் சட்டைகளும் உண்டு, தோளிலும் பக்கவாட்டிலும் மூடுபவையும் உண்டு. நமக்குப் பக்கவாட்டுதான் சரி. சித்திரை வெயிலில் தலை சுற்றினால் முதுகுப் பக்கிளை அவிழ்க்க ஆள் தேடிக்கொண்டிருக்க முடியாது. பயிற்சியைக் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். யாருக்காவது வியர்வை நின்று பேச்சு குழறினால் சட்டையைக் கழற்றி, நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மோர் கொடுத்து உட்காரவைக்கிற விஷயமில்லை அது.

பின்சேர்க்கை

பாப் ரிவெட் (சுத்தியில்லாமல் கைக்கருவியால் இழுத்து மாட்டுவது) போடலாமா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கைக்குச் சுலபம்தான். ஆனால் அதன் தண்டு உள்ளே கூடு. பலமான அடியில் தலை தெறிக்கும். மிஞ்சுகிற கூர்முனை பஞ்சுச் சட்டையை அரித்துக்கொண்டே இருக்கும். அட்டை மாதிரிக்குப் பதிலாகத் தகர மாதிரி செய்து பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

பெண்களுக்கு நெஞ்சுத் தகட்டை எப்படி வளைப்பது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சினிமாவில் வருவதுபோல இரண்டு மேடாகச் செய்ய வேண்டாம். நடுவில் விழும் பள்ளம் வாள்முனையை நேரே நெஞ்செலும்புக்கு இழுத்துவரும். உள்ளே இறுக்கமான பனியன், மேலே பஞ்சுச் சட்டை, அதற்கு மேல் நடுவில் உருண்டு இருபுறமும் சரியும் ஒரே தகடு. அளவு எடுக்கும்போது மட்டும் நெஞ்சுச் சுற்றளவில் இன்னும் ஓர் அங்குலம் விட்டுக்கொள்ளுங்கள்.

தலைக்கவசத்தை இதே முறையில் செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. வேண்டாம். தலைக்கும் கழுத்துக்கும் 1.2 மி.மீ. தகடு பத்தாது, அதை வளைக்கிற வேலையும் புளியங்கட்டையில் முடிகிற வேலை இல்லை. சட்டையில் மிச்சம் பிடித்த காசில் தலைக்கவசத்தையும் கையுறையையும் விஷயம் தெரிந்த கொல்லரிடம் வாங்குங்கள். அவை வரும்வரை இரும்பு வாளைத் தொடாமல் மூங்கில் கம்போடு பழகுங்கள்.