மொய் கணக்கைத் தேட எக்செல்லில் ஒரு பட்டன்: நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கான மேக்ரோ

உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கம் விசேஷ வீடுகளில் மொய் மேசைக்கு நோட்டோடு லேப்டாப்பும் வந்துவிட்டது. விசேஷம் முடிந்ததும் மொத்தக் கணக்கும் எக்செல் ஃபைலாகக் கைக்கு வந்துவிடும். அதற்கப்புறம் வீட்டுக்கு ஒரு பத்திரிகை வரும்போதெல்லாம், அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று அந்த ஃபைலில் தேட வேண்டியிருக்கிறது. கன்ட்ரோல் எஃப் அழுத்தினால் ஒவ்வொரு வரியாகத் தாவிக்கொண்டே போகும். ஒரே ஆள் காதணி விழாவுக்கு ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை செய்திருப்பார். அத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்து தெரிய வேண்டும். ஒரு வரியைக் கவனிக்காமல் 500 ரூபாய் குறைத்துச் செய்துவிட்டால், அந்த மனத்தாங்கல் ஆறுவதற்கு நாளாகும்.

ஊரையோ பெயரையோ தட்டிவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால், பொருந்தும் வரிகள் எல்லாம் கீழே வந்து நிற்கும்படி செய்யப் போகிறோம். நிரல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். நாம் செய்வதை எக்செல்லே பார்த்துப் பதிவு செய்துகொள்ளும். அந்தப் பதிவுக்குத்தான் மேக்ரோ என்று பெயர். கம்ப்யூட்டரில் இருக்கும் எக்செல் போதும். ஃபோனில் இருக்கும் எக்செல்லில் இந்த மேக்ரோ ஓடாது.

தமிழில் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். எக்செல் மேக்ரோவை எழுதும் மொழி விபிஏ. 1993-இல் எக்செல் 5-உடன் வந்தது. அதன் எடிட்டருக்கு இன்றுவரை தமிழ் எழுத்து தெரியாது. வேண்டிய வரிகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் சாதாரண ஃபில்டரில் ‘பாண்டி’ என்று கொடுத்து அதைப் பதிவு செய்தால், மேக்ரோவுக்குள் அந்தப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகப் போய் உட்காரும். எக்செல் தேடலில் கேள்விக்குறிக்கு ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள். அதனால் பிழைச் செய்தி எதுவும் வராமலே சம்பந்தமில்லாத பெயர்கள் வரக்கூடும். தேடும் சொல் மேக்ரோவுக்குள் போகவே கூடாது, தாளில் ஒரு கட்டத்தில்தான் இருக்க வேண்டும். எக்செல்லில் இருக்கும் அட்வான்ஸ்டு ஃபில்டர் என்ற வசதி சரியாக அப்படித்தான் வேலை செய்கிறது. அதனால்தான் இந்த வழியைச் சொல்கிறேன்.

முதல் படி: கணக்குத் தாள்

ஷீட்1-இல் முதல் வரியில் தலைப்புகள் இருக்கட்டும். ஏ-யில் ஊர், பி-யில் பெயர், சி-யில் விவரம், டி-யில் மொய், இ-யில் விசேஷம், எஃப்-இல் தேதி. மொய் நோட்டில் ஊர்தானே முன்னால் வரும், அதே வரிசை. மொய் பகுதியில் எண் மட்டும் போடுங்கள். ‘ரூ. 501’ என்று எழுதினால் எக்செல் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், பெரிது சிறிது பார்க்காது. ஷீட்1 என்ற பெயரைத் தமிழில் மாற்றாதீர்கள். அந்தப் பெயர் மேக்ரோவுக்குள் பதிவாகும் என்பதால், தமிழில் வைத்தால் மேக்ரோ ஓடாமல் நின்றுவிடும். தலைப்புகளும் பெயர்களும் எவ்வளவு வேண்டுமானாலும் தமிழில் இருக்கலாம்.

பழைய ஃபைல் என்றால் ஒரு சோதனை. பெயர்ப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை ஏரியல் என்று மாற்றிப் பாருங்கள். தமிழ் போய் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிந்தால், அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. இப்போது ஃபோனிலும் இணையத்திலும் தமிழ் அடிக்கும் முறையான யூனிகோடில் அடித்துத் தேடினால் அதில் ஒன்றும் கிடைக்காது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தேடல் தாள்

ஷீட்2-ஐத் திறந்து, ஷீட்1-இன் தலைப்பு வரியை நகலெடுத்து முதல் வரியில் ஒட்டுங்கள். ஐந்தாம் வரியிலும் ஒட்டுங்கள். கையால் அடிக்க வேண்டாம், நகலே எடுங்கள். தலைப்பில் ஓர் எழுத்து மாறினாலும் தேடல் பொருந்தாது. இரண்டாம் வரிதான் நாம் தேடுவதை எழுதும் இடம். ஐந்தாம் வரிக்குக் கீழே விடை வரும். ஒவ்வொரு முறையும் அங்கே இருப்பதை எக்செல் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுதும். அந்த இடத்தில் வேறு எந்தக் குறிப்பும் வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: பதிவு

ஏ2 கட்டத்தில் உங்கள் கணக்கில் இருக்கும் ஓர் ஊரை எழுதுங்கள், உசிலம்பட்டி என்று வைத்துக்கொள்வோம். ஷீட்2-இலேயே இருந்துகொண்டு, வியூ பகுதியில் வலது ஓரத்தில் இருக்கும் மேக்ரோஸ் அம்புக்குறியை அழுத்தி, ரெக்கார்ட் மேக்ரோ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் கேட்கும். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் ஒரு பெயர் கொடுங்கள். ஸ்டோர் மேக்ரோ இன் என்ற இடத்தில் திஸ் ஒர்க்புக் இருக்கட்டும். ஓகே கொடுத்ததும் பதிவு தொடங்கிவிடும். அடுத்து இவற்றை நிதானமாகச் செய்யுங்கள்:

1. காலியான ஒரு கட்டத்தில் கிளிக் செய்துவிட்டு, டேட்டா பகுதியில் அட்வான்ஸ்டு என்பதை அழுத்துங்கள். ஃபில்டர் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும்.
2. காப்பி டு அனதர் லொகேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. லிஸ்ட் ரேஞ்ச் பெட்டியில் எக்செல் தானாக எதையாவது காட்டினால் அழித்துவிட்டு, ஷீட்1-க்குப் போய் மேலே ஏ முதல் எஃப் வரை எழுத்துகளின் மேல் இழுத்து, முழு நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுங்கள்.
4. கிரைட்டீரியா ரேஞ்ச் பெட்டியில் ஷீட்2-இன் ஏ1 முதல் எஃப்2 வரை.
5. காப்பி டு பெட்டியில் ஷீட்2-இன் ஏ5 முதல் எஃப்5 வரை. பிறகு ஓகே.

உசிலம்பட்டிக்காரர்கள் எல்லாரும் கீழே வந்திருப்பார்கள். மறுபடி வியூ, மேக்ரோஸ் போய் ஸ்டாப் ரெக்கார்டிங் கொடுங்கள்.

ஷீட்1-இலிருந்து தொடங்கினால், வேறு தாளுக்கு நகலெடுக்க முடியாது என்று எக்செல் மறுத்துவிடும். விடை வர வேண்டிய தாளில் நின்றுகொண்டுதான் இதைத் தொடங்க வேண்டும்.

பட்டன் வைப்பது சுலபம். இன்சர்ட், ஷேப்ஸ் போய் ஒரு செவ்வகத்தை எச் பகுதியில் வரைந்து, அதில் ‘தேடு’ என்று தமிழிலேயே எழுதுங்கள். வலது கிளிக் செய்து அசைன் மேக்ரோ மூலம் உங்கள் மேக்ரோவைத் தேர்ந்தெடுங்கள். சேமிக்கும்போது சேவ் ஆஸ் போய், ஃபைல் வகையை எக்செல் மேக்ரோ எனேபிள்டு ஒர்க்புக் என்று மாற்றுங்கள். சாதாரண வகையில் சேமித்தால் மேக்ரோ காணாமல் போய்விடும். அடுத்த முறை திறக்கையில் மேலே மஞ்சள் பட்டை வந்தால் எனேபிள் கன்டென்ட் கொடுக்க வேண்டும்.

எப்படித் தேடுவது?

பலன் முழுக்க இங்கேதான் இருக்கிறது. எக்செல் நாம் எழுதியதை ‘இப்படித் தொடங்குகிறதா’ என்றுதான் பார்க்கும். ஊர்ப் பகுதியில் ‘திரு’ என்று எழுதினால் திருமங்கலம், திருப்பரங்குன்றம், திருநகர், திருப்பாலை எல்லாம் வரும். ‘உசி’ என்று எழுதினால் உசிலம்பட்டி என்று எழுதியவர்களும், உசிலை என்று சுருக்கி எழுதியவர்களும் சேர்ந்து வருவார்கள்.

பெயரில் இது கைகொடுக்காது. நம் பக்கம் ‘க. சின்னப்பாண்டி’ என்று இனிஷியல் முன்னால் நிற்கும். ‘பாண்டி’ என்று மட்டும் எழுதினால் அவர் வரமாட்டார். இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டு *பாண்டி* என்று எழுதுங்கள். பாண்டியம்மாள், பாண்டியராஜன், சின்னப்பாண்டி என்று அந்தப் பெயர் எங்கே இருந்தாலும் வந்துவிடும். பெயரைத் தேடும்போது எப்போதும் இப்படியே எழுதுவது நல்லது.

ஒரே வரியில் இரண்டு கட்டங்களை நிரப்பினால் இரண்டும் பொருந்த வேண்டும். ஊரில் மேலூர், பெயரில் *கருப்ப* என்றால் மேலூர்க் கருப்பசாமிகளும் கருப்பையாக்களும் மட்டும் வருவார்கள். மொய்க் கட்டத்தில் >=1000 என்று எழுதினால், ஆயிரமும் அதற்கு மேலும் செய்தவர்கள் மட்டும்.

‘சண்முகம்’ என்றும் ‘ஷண்முகம்’ என்றும் இரண்டு விதமாகப் பெயர் ஏறியிருந்தால்? இரண்டாம் வரியில் *சண்முகம்*, மூன்றாம் வரியில் *ஷண்முகம்* என்று எழுதித் தேடலாம். அதற்கு கிரைட்டீரியா ரேஞ்சை எஃப்3 வரை நீட்டி, வேறொரு பெயரில் இன்னொரு மேக்ரோ பதிவு செய்துகொள்ளுங்கள், பட்டனும் தனியாக இருக்கட்டும். அந்தப் பட்டனை அழுத்தும்போது மூன்றாம் வரி முழுக்கக் காலியாக இருக்கக் கூடாது. காலி வரியை எக்செல் ‘எதுவானாலும் சரி’ என்று எடுத்துக்கொண்டு மொத்தக் கணக்கையும் கொட்டிவிடும்.

பழைய தேடலை அழிக்க டெலிட் சாவியை அழுத்துங்கள், ஸ்பேஸ் தட்டாதீர்கள். கட்டம் காலியாகத் தெரிந்தாலும் அந்த இடைவெளியும் ஓர் எழுத்தாகவே கணக்கில் வரும், விடை வராது. பட்டனை அழுத்திய பிறகு கன்ட்ரோல் இசட் வேலை செய்யாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைலை வாட்ஸப்பிலோ மெயிலிலோ வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பினால், அங்கே மேக்ரோ முடக்கப்பட்டிருக்கலாம். இணையம் வழியாக வரும் ஃபைல்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2022-இல் கொண்டுவந்த பாதுகாப்பு அது. ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் அன்பிளாக் என்பதை டிக் செய்தால் திறக்கும். இதைக் குடும்பத்துக்குள் மட்டும் செய்யுங்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது பெரிய வாட்ஸப் குழுவில் சுற்ற வேண்டிய விஷயம் இல்லை.

புதிய விசேஷத்தின் வரிகளை ஷீட்1-இன் கடைசியில் ஒட்டிக்கொண்டே போகலாம். முழு நெடுவரிசையைக் கொடுத்திருப்பதால் அவையும் தேடலில் வரும். நடுவில் புதிதாக ஒரு நெடுவரிசை நுழைத்தால் மட்டும், ஷீட்2-இல் தலைப்புகளைத் திரும்ப ஒட்டி, மேக்ரோவை மறுபடி பதிவு செய்யுங்கள்.