விண்கல்லா, இரும்புத்தாதா? டைல்ஸில் தேய்த்துப் பாருங்கள்

கனமான கறுப்புக் கல் கிடைத்தால், ஆய்வகத்துக்குக் காசு கொடுக்கும் முன் டைல்ஸின் பளபளப்பில்லாத பின்பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கவேண்டும். செந்நிற டைல்ஸ் உதவாது.

செங்கல் நிறக் கோடு விழுந்தால் ஹேமடைட். கறுப்பாக விழுந்தால் அநேகமாக மேக்னடைட். இரண்டும் பூமியின் இரும்பு ஆக்சைடுகள்தான். காந்தத்தை மட்டும் நம்பினால் மேக்னடைட் ஏமாற்றிவிடும், அதுவும் நன்றாகவே ஒட்டும். பெரும்பாலான விண்கற்களில் இரும்பின் ஒரு பகுதி நிக்கல் கலந்த உலோகமாகவே இருக்கும். அதனால்தான் அவையும் காந்தத்தில் ஒட்டும். ஆனால் டைல்ஸில் கோடு விழாது, விழுந்தாலும் மங்கலான சாம்பல்தான்.

வெகுகாலம் மண்ணில் கிடந்து துருவேறிய விண்கல்லுக்கு இது ஒத்துவராது, துரு பழுப்பாக இழுக்கும். அப்புறம், கோடு விழாததெல்லாம் விண்கல்லும் இல்லை. சாதாரணக் கருங்கல்லிலும் விழாது.