ரவுட்டரை மாட்டிவிட்டு ஆள் போனதும் செய்ய வேண்டிய வேலை

அல்சூரில் இருக்கும் எங்கள் அத்தை வீட்டுக்கு இந்த வருஷம்தான் ஃபைபர் இணைப்பு வந்தது. மின்கம்பத்திலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து மொட்டைமாடிக்கு, அங்கிருந்து ஜன்னல் ஓரத்தில் ஒரு துளை போட்டு உள்ளே என்று கேபிளை இழுத்து வந்தவர், இருபது நிமிடத்தில் ரவுட்டரை மாட்டி, அத்தையின் போனில் ஒரு வீடியோ ஓடுவதைக் காட்டிவிட்டு "ஆயித்து" என்று படியிறங்கிவிட்டார். வைஃபை பாஸ்வேர்டாக அவர் வைத்தது அத்தையின் மொபைல் நம்பர். அந்த நம்பர் தெருவில் யாருக்குத் தெரியாது? இரண்டு வாரம் கழித்து நான் போய் ரவுட்டரைத் திறந்து பார்த்தபோது, அதில் 11 கருவிகள் இணைந்திருந்தன. அத்தை வீட்டில் இருப்பது இரண்டு போன், ஒரு டிவி. "நெட்டுதான் வருதே, அப்புறம் என்னடா?" என்றார் அத்தை. அப்புறம்தான் வேலையே இருக்கிறது, மொத்தம் அரை மணி நேரம் ஆகும்.

முதலில், ஆள் கிளம்புவதற்கு முன்னாலேயே அவரிடம் இரண்டு விஷயம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, ரவுட்டரின் செட்டிங்கை மாற்றும் அட்மின் பக்கத்துக்குள் போகும் யூசர் நேமும் பாஸ்வேர்டும். இன்னொன்று, ரவுட்டர் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் லாகின் ஆவதற்கான பிபிபிஓஇ யூசர் நேம், பாஸ்வேர்ட். எல்லா நிறுவனமும் இந்த இரண்டாவதைப் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்தினால் மட்டும் வேண்டும். ஏன் என்றால், ரவுட்டர் பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் துளை இருக்கும். நெட் நின்றுவிட்டதே என்று யாராவது அதைக் குத்திப் பிடித்தால், ரவுட்டர் கடையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும், அந்த விவரம் கையில் இல்லாவிட்டால் இணைப்பு திரும்பாது. நெட் மெதுவானால் சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள், அது போதும். சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம், வெளியே ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது ஜன்னல் விளிம்பில் மடங்கியிருக்கிறது, உள்ளே இருப்பது கண்ணாடி இழை என்பதால் சுருக்கென்று மடக்கினால் வெளிச்சம் தாண்டாது.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதை ஆளின் வசதிக்கு விடாதீர்கள். அவர் கேபிள் நுழையும் மூலையிலேயே மாட்டத்தான் பார்ப்பார். பெங்களூரில் 20க்கு 30 அடி சைட்டில் மாடி மேல் மாடியாகக் கட்டிய வீடுகளில் கான்கிரீட் தூணும் ஸ்லாபும்தான் சிக்னலுக்கு முதல் எதிரி, அடுத்தது இரும்பு பீரோ. வீட்டின் நடுப்பக்கமாக, தலை உயரத்தில், பீரோவுக்கும் டிவிக்கும் பின்னால் ஒளியாமல் இருந்தால் நல்லது. மைக்ரோவேவ் அவன் ஓடும்போது வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸ் தடுமாறும், அதனால் சமையலறைச் சுவரும் வேண்டாம். பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்பதால் 2.4-ல் நெரிசல் அதிகம். அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தடங்களான சேனல்களில் 1, 6, 11 ஆகியவைதான் ஒன்றோடு ஒன்று மோதாதவை, அவற்றில் காலியானதைப் பாருங்கள். ஒரே அறையில் இருக்கும் டிவி, லேப்டாப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கொடுங்கள். வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும்.

சரி, இப்போது பூட்டு போடும் வேலை. ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 மாதிரி ஓர் எண் இருக்கும். வைஃபையில் இருந்தபடியே அதை பிரவுசரில் அடித்தால் அட்மின் பக்கம் வரும். பலரும் வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு இந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டை "அட்மின்" என்றே விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனது பதறுவது இங்கேதான். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்ததற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை, கம்பெனியே வைத்து அனுப்பும் யூசர் நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள் சுமார் 60-ஐ வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். இந்தப் பக்கத்துக்குள் நுழைந்தவர் தளத்தின் பெயரைப் பார்த்து அது இருக்கும் இடத்தைச் சொல்லும் டிஎன்எஸ்-ன் முகவரியை மாற்றிவிட்டால், நீங்கள் பேங்க் பெயரை அடித்தாலும் அவர் காட்டும் இடத்துக்குத்தான் பிரவுசர் போகும். அதனால் முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வைஃபை பாஸ்வேர்டும் அதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது.

அடுத்தது வைஃபை பாஸ்வேர்ட். மொபைல் நம்பர் ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நம் ஊர் மொபைல் நம்பர் 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும், ஆக மொத்தம் 400 கோடி சாத்தியம். உங்கள் போன் வைஃபையில் சேரும் நேரத்தில் காற்றில் போகும் தகவலை ஒருவர் பிடித்துக்கொண்டால், தன் அறையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு நம்பராகப் பொருத்திப் பார்க்கலாம். கேம் விளையாட வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வினாடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் முயலும், அப்படியென்றால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் 400 கோடியும் முடிந்துவிடும். அத்தைக்கு நான் வைத்துக் கொடுத்தது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில், நடுவில் கோடு போட்டு. அம்மி, ரயில், தாழம்பூ, குடை என்கிற மாதிரி. இதையே எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள், கண்ணில் படும் நான்கு பொருளை நீங்களே பொறுக்குங்கள். கடவுள் பெயரும் பிள்ளை பிறந்த வருஷமும் வேண்டாம்.

அதே பக்கத்தில் பாதுகாப்பு முறை, அதாவது வைஃபையில் போவதை மற்றவர் படிக்காதபடி பூட்டும் முறை எது என்று கேட்கும். டபிள்யூபிஏ3 இருந்தால் அது, பழைய போன் சேர மறுத்தால் டபிள்யூபிஏ2-வும் 3-ம் கலந்தது, இரண்டும் இல்லாவிட்டால் ஏஇஎஸ் என்ற குறியாக்கம் உள்ள டபிள்யூபிஏ2. பழைய முறையான டபிள்யூஇபி மட்டும்தான் இருந்தால் அந்த ரவுட்டரையே மாற்றச் சொல்லுங்கள், அது 2001-லேயே உடைபட்டது. பாஸ்வேர்ட் அடிக்காமலே கருவியைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்பதை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க ரகசிய எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சி போதும் என்று 2011-லேயே தெரிந்துவிட்டது. வெளியிலிருந்து ரவுட்டரின் செட்டிங்கை மாற்ற விடும் ரிமோட் மேனேஜ்மென்ட், கருவிகள் தாங்களாகவே வெளியிலிருந்து உள்ளே வழி திறக்க விடும் யுபிஎன்பி இரண்டும் அணைந்திருக்கட்டும். ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் அப்டேட் தானாக நடக்கும்படி வைக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். வைஃபை பெயரில் வீட்டு எண்ணோ குடும்பப் பெயரோ வேண்டாம். பெயரை மறைத்து வைப்பதால் பெரிய பலன் இல்லை, தேடத் தெரிந்தவருக்கு அது தெரியத்தான் செய்யும்.

வருகிறவர்கள் பாஸ்வேர்ட் கேட்பார்கள், இல்லை என்று சொல்ல மனசு வராது. அதற்குத்தான் கெஸ்ட் நெட்வொர்க். அதற்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட், கெஸ்டில் வருபவர் உள் நெட்வொர்க்கைப் பார்க்க முடியாதபடி ஒரு டிக். டிவி, விலை மலிவான கேமரா எல்லாவற்றையும்கூட அதிலேயே சேருங்கள். அத்தை இப்போது மேல் மாடிப் பையன்களுக்குத் தேர்வு சமயத்தில் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கிறார், தேர்வு முடிந்ததும் மாற்றுகிறார், அதையும் அவரே செய்யக் கற்றுக்கொண்டார்.

கரன்ட் போகும்போது நெட் நிற்கக் கூடாது என்றால் ஒரு சின்ன ரவுட்டர் யுபிஎஸ் வாங்குங்கள், வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். எழுதி வாங்கிய தாளை பீரோ கதவின் உட்புறம் ஒட்டுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீடு மாறும் அன்று, ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்தக் குண்டூசித் துளையை விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள்.