ஆல்பைன் மெத்தைச் செடிகள்: குளிர்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடக்கு இங்கிலாந்தில் ஆல்பைன் செடி, அதாவது உயர்மலைச் செடி, வளர்க்கத் தொடங்குபவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் செடிகளைச் சாகடிக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் அந்த வழியாக வந்தவர்கள்தான். நிழலில் நட்டது, களையெடுக்காமல் விட்டது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதையெல்லாம் செடியே ஒரு கோடைக்குள் சொல்லிக்கொடுத்துவிடும். குளிர்காலத் தவறுகளில்தான் சிக்கல். டிசம்பரில் செய்ததன் பலன் ஏப்ரலில்தான் தெரியவரும், அதற்குள் என்ன செய்தோம் என்பது மறந்துபோயிருக்கும். "இந்த வருஷம் குளிர் கூட" என்று பழியைக் குளிர்மேல் போட்டுவிட்டு, அடுத்த வருஷமும் அதையே செய்வோம்.

மெத்தைச் செடிகள் என்று நான் சொல்வது, சின்னச் சின்ன இலைக்கொத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு தரையோடு தரையாக உருண்டு வளரும் சாக்சிஃப்ராகா, ஆண்ட்ரோசேசி, டிராபா, டையோனிசியா, சைலீன் அகாலிஸ் போன்றவற்றை.

லேபிளில் உள்ள எண்ணை மட்டும் நம்புவது

பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் குளிர்தாங்கும் தரவரிசையில் எச்5 என்றால் மைனஸ் 10 முதல் மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும். எச்7 என்றால் மைனஸ் 20க்குக் கீழேயும் தாங்கும். ஆனால் அந்த எண் ஈரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, நம் செடிகள் சாவதோ பெரும்பாலும் ஈரத்தால்தான்.

சாக்சிஃப்ராகா ஆப்போசிடிஃபோலியா, சுவிட்சர்லாந்தின் டோம் மலையில் 4,505 மீட்டர் உயரத்தில் வளர்கிறது. ஆல்ப்ஸில் பனி ஆழமாக விழும் சரிவுகளில், மேலே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் பனிக்கு அடியில் மண் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். வசந்தம்வரை மழை கிடையாது, உருகி உறைந்து உருகும் கூத்தும் கிடையாது. நமக்கு வாய்த்த குளிர்காலம் வேறு. திங்கட்கிழமை மழை, புதன்கிழமை உறைபனி, வெள்ளிக்கிழமை மறுபடி மழை.

மழை பட்டாலே செத்துவிடும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே செடி யார்க்‌ஷயரில் பென்-ஈ-கென்ட் மலையின் சுண்ணாம்புப் பாறைகளில் தானாகவே வளர்ந்து வசந்தத் தொடக்கத்தில் ஊதாவாகப் பூக்கிறது. அங்கே மழைக்குப் பஞ்சமே இல்லை. பாறை விளிம்பு என்பதால் விழுந்த தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. உங்கள் தோட்டத்தில் செடியின் கழுத்தை, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடத்தை, சுற்றித் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். லேபிளை அப்புறம் படிக்கலாம்.

போர்த்திக் கட்டுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். வானிலை அறிக்கையில் கடும் உறைபனி என்று வந்த மாலையே தொலைபேசி அடிக்கும்.

"அக்கா, இரவைக்கு மைனஸ் எட்டாம். எல்லாத்தையும் நல்லாப் போர்த்துக் கட்டிப்போட்டன்."

"எதாலை கட்டினனீ?"

"பபிள் ராப். மேலை ஃபிளீஸும் போட்டிருக்கு."

"உடனை போய் அவிழடா தம்பி."

அவிழ்க்கவில்லை. வேலைக்குப் போய்வரும் நேரமெல்லாம் இருட்டு, கிறிஸ்துமஸ் வேறு. ஜனவரி நடுவில்தான் பிரித்தார். உள்ளே வளர்ந்த ஒரு சாக்சிஃப்ராகா, தேநீர்த் தட்டு அகலம். இப்படி ஒரு மெத்தை அந்த அகலத்துக்கு வரப் பல வருஷங்கள் பிடிக்கும். மேலிருந்து பார்த்தால் பச்சை. விரலால் அழுத்தினால் நடுப்பகுதி ஈரப் பஞ்சாக உள்ளே போனது. இலைக்கொத்துகளை விலக்கியபோது சாம்பல் நிறத்தில் பூஞ்சை நூல்கள். பாட்ரைடிஸ். ஒரு கொத்தை இடுக்கியால் பிடித்து இழுத்தேன், பக்கத்தில் இருந்தவையும் வழவழவென்று சேர்ந்தே வந்தன. அதே இரவுகளில் என் தோட்டத்தில் எதுவும் போர்த்தாமல் நின்ற அதே ரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரணம் எளிது. மெத்தையின் அடியில் பழைய இலைகள் உதிராமல் காய்ந்தபடியே தங்கியிருக்கும். உலர்ந்திருக்கும்வரை அவற்றால் கேடில்லை. பிளாஸ்டிக்கால் மூடினால் செடியும் மண்ணும் விடும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்பக்கம் துளிகளாகத் திரண்டு திரும்ப மெத்தைமேலேயே சொட்டும். காற்றோட்டம் இல்லை, ஈரம் இருக்கிறது, செத்த இலைகள் இருக்கின்றன. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

இன்னொரு கேடும் உண்டு. இந்தச் செடிகள் குளிரைத் தாங்கும் வலிமையோடு வருஷம் முழுக்க இருப்பதில்லை. இலையுதிர்காலத்தில் பகல் குறுகி இரவு குளிரும்போது, செல்களில் சர்க்கரை கூடி, பனிக்கட்டி செல்லுக்குள் உண்டாகாமல் வெளியே உண்டாகும்படி மெல்லத் தயாராகின்றன. இதற்கு வாரக்கணக்கில் பிடிக்கும். போர்வைக்குள் வெயில்பட்டு நாலைந்து நாள் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், அந்தத் தயாரிப்பு கரையத் தொடங்கிவிடும். அப்புறம் போர்வையை எடுத்த அன்றிரவே உறைபனி விழுந்தால், மைனஸ் 15ஐத் தாங்கியிருக்க வேண்டியது மைனஸ் 6க்கே கருகும். காப்பாற்றுகிறேன் என்று செய்ததே காலை வாரிவிடும்.

செய்ய வேண்டியது கூரை போடுவது மட்டும்தான். அக்டோபர் கடைசியில் செடிக்கு ஒரு சாண் உயரத்தில் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ, கொஞ்சம் சாய்வாக. கம்பிக் கால்களில் நிறுத்தி, காற்று தூக்காமல் மேலே ஒரு செங்கல். நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும். மார்ச்சில் எடுத்துவிடலாம். கழுத்தைச் சுற்றி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தடிமனில் சல்லி போடுங்கள்.

டையோனிசியாவுக்கு இதுவும் போதாது. ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம், மழை நேராக விழாத பாறை முகப்புகளில் வளரும் இனங்கள் அதில் அதிகம். இந்த நாட்டில் அவற்றைக் கண்ணாடி வீட்டில், ஜன்னல்களைத் திறந்துவைத்துத்தான் வளர்க்கிறார்கள். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் 2006இல் திறந்த டேவிஸ் ஆல்பைன் இல்லத்தைப் போய்ப் பாருங்கள். தரைக்கடியில் காங்கிரீட் பாதைகளில் காற்றைக் குளிர்வித்து, செடிகளைச் சுற்றி ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

பீட் கட்டியோடு நடுவது

கடையில் வாங்கும் செடி பெரும்பாலும் பீட்டோ (சதுப்பு நிலத்தில் மக்கிய, ஈரத்தைப் பிடித்துவைக்கும் மண்) அதைப் போன்ற வேறு கலவையோ நிறைந்த சின்னத் தொட்டியில் வரும். அதை அப்படியே எடுத்துச் சரளை மண்ணில் புதைத்தால், சுற்றிலும் தண்ணீர் ஓடிவிட, நடுவில் அந்தக் கட்டி மட்டும் நனைந்தே நிற்கும். வேரும் அதைவிட்டு வெளியே வராது. நட்ட வேகத்திலேயே குளிர்காலம் வந்துவிட்டால் கதை முடிந்தது. வாளித் தண்ணீரில் வேரை அலசி, முடிந்தவரை பழைய கலவையைப் போக்கிவிட்டு நடுங்கள். வசந்தத்தில் செய்வதே உத்தமம், அக்டோபரில் வேண்டாம். மண் கலவையில் பாதிக்கு மேல் 3 முதல் 6 மில்லிமீட்டர் சரளை இருக்கட்டும். கட்டட வேலைக்கான நைசான மணலைப் போட்டால் அது இறுகித் தண்ணீரைத் தேக்கிவிடும்.

தொட்டியை மேடைமேல் விட்டுவிடுவது

இலை தாங்கும் குளிரை வேர் தாங்காது. நிலத்தில் வேருக்கு மண்ணின் வெப்பம் துணை. மேடைமேல் இருக்கும் தொட்டி நாலு பக்கமும் உறையும். மண் தொட்டியை விளிம்புவரை மணலில் புதைத்துவிட்டு, தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் மணலுக்கு விடுங்கள். தேவையான அளவை ஓடு உறிஞ்சிக்கொள்ளும்.

ஆகஸ்டுக்குப் பிறகு உரம்

வேண்டாம்.

மெத்தைமேல் விழுந்த பனியைத் தட்டிவிடுவது

இலவசமாகக் கிடைத்த கூரை. கையை வைக்காதீர்கள்.

ஏப்ரலில் தூக்கி எறிவது

பாதி மெத்தை பழுப்பானதும் பிடுங்கி எறிகிறார்கள். அவசரம். செத்த கொத்துகளை உலர்ந்த நாளில் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, குழியில் கரடான மணலை நிரப்பிவிடுங்கள். மழைத்தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்காது, ஓரத்திலிருக்கும் பச்சைக் கொத்துகளும் கொஞ்சம் கொஞ்சமாக மணல்மேல் பரவும். சில சாக்சிஃப்ராகாக்கள் ஒரு கோடையிலேயே பாதிக் குழியை மூடிவிடும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று வருஷமாகலாம். மெத்தை முழுதும் பழுப்பாகத் தெரிந்தால் மே கடைசிவரை பொறுத்து, மெல்ல அசைத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் கையோடு வந்தால்தான் அது செத்தது.