ஒரு பந்தயக் குதிரையின் கணக்கை வாசிப்பது எப்படி? செக்ரடேரியட்டை வைத்து ஒரு பயிற்சி

செக்ரடேரியட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் அது வென்ற 1973 பெல்மான்ட் பந்தய வீடியோவைத்தான் முதலில் போடுவார்கள். நீங்கள் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குதிரையின் 21 ஓட்டங்களின் பட்டியல், ஒரு தாள், ஒரு பென்சில் இருந்தால் போதும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் தோல்விகளில் கைவையுங்கள். 16 வெற்றி, 3 இரண்டாமிடம், 1 மூன்றாமிடம். மிச்சமிருக்கும் ஒன்று 1972 ஜூலை 4 அன்று அக்விடக்ட் மைதானத்தில் நடந்த முதல் ஓட்டம். புறப்பட்டவுடனேயே இடிபட்டு, பின்தங்கி, நான்காவதாக வந்தது. அதே ஆண்டு சாம்பெய்ன் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் முதலாவதாக வந்தும், இன்னொரு குதிரைக்கு இடைஞ்சல் செய்ததாகத் தீர்ப்பாகி இரண்டாமிடத்துக்கு இறக்கப்பட்டது. பட்டியலை மட்டும் பார்த்தால் அதுவும் சாதாரணத் தோல்வியாகவே தெரியும். 1973 உட் மெமோரியல் பந்தயத்தில் மூன்றாமிடம். வாய்க்குள் சீழ்க்கட்டி இருந்தது. கடிவாளம் இழுபடும் இடத்தில் கட்டி என்றால் எப்படி இருந்திருக்கும்? அதற்கு இரண்டே வாரத்தில் கென்டக்கி டெர்பி என்ற பெரிய பந்தயம்.

இப்படி ஒவ்வொரு தோல்விக்குப் பக்கத்திலும் காரணத்தை எழுதுங்கள். காரணம் இல்லையென்றால் இட்டுக்கட்ட வேண்டாம். உட்வர்டு ஸ்டேக்ஸில் ப்ரூவ் அவுட்டிடம் தோற்றதற்கு நான் சாக்குத் தேடுவதே இல்லை. அன்று அந்தக் குதிரை அபாரமாக ஓடியது, அவ்வளவுதான்.

அடுத்தது நேரக் கணக்கு. இதில்தான் நான் அதிக நாள் உட்கார்ந்தேன். அந்தக் காலத்து அமெரிக்கப் பதிவுகளில் நேரத்தை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை எழுதுவார்கள். 1:59⅖ என்றால் ஒரு நிமிடம் 59.4 நொடி. இடைவெளியை ‘லெங்த்’ கணக்கில் சொல்வார்கள். அது ஒரு குதிரையின் உடல் நீளம், ஏறக்குறைய இரண்டரை மீட்டர். ஒரு நொடிக்குத் தோராயமாக ஐந்து லெங்த் என்று வைத்துக்கொண்டால் வேலை நடக்கும்.

முழு நேரத்தைப் பார்த்து நிறுத்தாமல், கால் மைல் கால் மைலாகக் கழித்துப் பாருங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் அதில் விழுந்தேன். அச்சில் வரும் இடைநேரங்கள் அந்தந்த இடத்தில் முன்னால் ஓடும் குதிரையுடையவை. டெர்பியில் முதல் கால் மைல் 23⅖ என்று போட்டிருந்ததை செக்ரடேரியட்டின் நேரம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது அப்போது கூட்டத்தின் பின்னால் இருந்தது. அதன் நேரம் 25⅕. வித்தியாசம் 1.8 நொடி, அதாவது ஒன்பது லெங்த். திருத்திப் போட்டதும் தாளில் வந்த வரிசை இது: 25⅕, 24, 23⅘, 23⅖, 23. ஒன்றேகால் மைல் ஓட்டத்தில் ஒவ்வொரு கால் மைலும் முந்தையதைவிட வேகம்! பொதுவாகக் குதிரைகள் முடிவை நெருங்க நெருங்கத் தளரும். இந்த ஐந்து எண்களை எழுதி முடித்தபோது நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போது பெல்மான்ட். ஒன்றரை மைல், 1973 ஜூன் 9, ஐந்தே குதிரைகள். ஆரம்பத்தில் ஷாம் என்ற போட்டிக் குதிரையும் செக்ரடேரியட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடியதால், அச்சிலிருக்கும் நேரத்தை இங்கே தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். 23⅗, 22⅗, 23⅗, 24⅖, 24⅘, 25. டெர்பிக்கு நேர்மாறு: முதலிலேயே வேகத்தைக் கொட்டி, பிறகும் உடையாமல் நிற்பது. அந்த இரண்டாவது கால் மைல் எந்தக் குதிரையையும் கவிழ்த்திருக்கும். ஷாம் கடைசியாகத்தான் வந்தது. செக்ரடேரியட்டின் மொத்த நேரம் 2:24, வெற்றி இடைவெளி 31 லெங்த்.

அந்த 2:24 எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒப்பீடு போதும். 1989இல் ஈஸி கோயரும் 1992இல் ஏ.பி. இண்டியும் 2:26இல் இதே பெல்மான்ட்டை வென்றன. நம் ஐந்து லெங்த் கணக்கைப் போட்டால், இரண்டும் செக்ரடேரியட்டுக்குப் பத்து லெங்த் பின்னால். ஏ.பி. இண்டி அதன் மகள் வயிற்றுப் பேரன் என்பதையும் பட்டியலின் ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.

இனி வீடியோவைப் போடலாம். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பதானால் கேட் திறந்தவுடன் அழுத்தாதீர்கள். அமெரிக்காவில் குதிரைகள் கொஞ்ச தூரம் ஓடிய பிறகே கடிகாரம் தொடங்கும். கடைசி நேர்கோட்டில் ஜாக்கி ரான் டர்காட்டைக் கவனியுங்கள். பக்கத்தில் துரத்தி வர யாருமில்லை. அவர் தலையைத் திருப்பி மைதானத்துக் கடிகாரத்தைப் பார்ப்பார்.